புதிது என்று விற்ற பழைய ஸ்னோ ப்ளோவர்: பணம் கட்டுவதற்கு முன் அந்த போல்ட்டைப் பாருங்கள்

கனடாவின் ஒன்டாரியோவில் பேரி, ஒரிலியா, மிட்லண்ட் பக்கம் நீளமான டிரைவே (தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் வண்டிப்பாதை) உள்ள வீடு வாங்கியிருக்கிறீர்களா? இந்தக் குளிருக்குப் பனியை அள்ளி எறியும் ஸ்னோ ப்ளோவர் வாங்க நினைக்கிறீர்களா? கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த மெஷினை, புத்தம் புதிது என்று சொல்லி முழு விலைக்கு எங்கள் தலையில் கட்டினார்கள். அது உடைந்ததும் பழியையும் எங்கள் மேலேயே போட்டார்கள்.

ஸ்காபரோவில் இருந்தவரை எங்களுக்கு இந்த மெஷினே தேவைப்படவில்லை. இரண்டு கார் நிற்கும் டிரைவேக்கு ஒரு ஷவல் போதும். தெருவில் போகும் பனி வண்டி வாசலில் தள்ளிவிட்டுப் போகும் மேட்டைக்கூட அங்கே பெரும்பாலும் நகராட்சியே வந்து எடுத்துவிடும். வடக்கே அப்படி இல்லை. ஜார்ஜியன் வளைகுடா உறையாமல் இருக்கும் நாட்களில், குளிர்காற்று அதன் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையோர ஊர்களில் கொட்டிவிடுகிறது. 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹர்ஸ்ட் பக்கம் ஒரே வார இறுதியில் ஒரு மீட்டருக்கு மேல் பனி விழுந்து, நெடுஞ்சாலை 11ஐயே மூடினார்கள்.

எங்கள் டிரைவே சுமார் 50 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். பாதிக்கு மேல் சரளைக்கல். 25 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 50 கன மீட்டர் ஆகிறது. புதுப்பனி கன மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ என்று வைத்தாலும் ஐந்து டன். ஈரப்பனி என்றால் அதைப்போல இரண்டு மடங்குகூட இருக்கும். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் இவ்வளவையும் ஒதுக்கியாக வேண்டும்.

அதனால் என்ன வாங்குவது என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. சிங்கிள் ஸ்டேஜ் மெஷினில் ரப்பர் துடுப்பு தரையை உரசிக்கொண்டே சுற்றும். தார் போட்ட சின்ன டிரைவேக்கு அது நல்ல மெஷின்தான். சரளைக்கல்லில் ஓட்டினால் கல்லையும் சேர்த்து அள்ளி வீட்டு ஜன்னலில் அடிக்கும். டூ ஸ்டேஜில் முன்வாயில் சுற்றும் இரும்பு ஆகர் பனியை உள்ளே இழுக்கும், பின்னால் இருக்கும் இம்பெல்லர் அதைத் தூக்கி எறியும். ஆகர் தரையைத் தொடாது. இரண்டு பக்கமும் வாயைத் தாங்கி நிற்கும் ஸ்கிட் ஷூவை இறக்கி வைத்தால் வாய் இன்னும் மேலே நிற்கும், கல் உள்ளே போகாது. பேட்டரி மெஷின்கள் இப்போது நன்றாக வருகின்றன என்றாலும், கடுங்குளிரில் இவ்வளவு நீளத்துக்கு ஒரு சார்ஜ் போதும் என்று நம்பி வாங்க மாட்டேன்.

அகலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் எல்லோரும் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். 4 மீட்டர் அகலத்தை 24 அங்குல மெஷினால் ஏழு வரிசை ஓட்டி முடிக்கலாம், 28 அங்குலத்தால் ஆறு வரிசை. வித்தியாசம் அவ்வளவுதான். வாய் அகலமாகி எஞ்சின் சின்னதாகவே இருந்தால், தெருவோர மேட்டில் மெஷின் திணறி நின்றுவிடும். எஞ்சின் எத்தனை சிசி, ஆகரின் கியர்பாக்ஸ் எப்படிப்பட்டது என்று கேளுங்கள். முன்வாய்க்கு நடுவில் உருண்டையாக இருக்கிறதே, அதுதான் கியர்பாக்ஸ். எங்கள் கதை முழுக்க அந்த உருண்டைக்குள்தான் நடந்தது.

ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள ஒரு சின்ன எஞ்சின் கடையில் 28 அங்குல டூ ஸ்டேஜ் ஒன்றைப் பார்த்தோம். பெயர் போடவில்லை, விஷயம் கோர்ட்டில் இருக்கிறது. "இது புதிதுதானே?" என்று என் மனைவி அவர்களிடம் நேராகவே கேட்டார். புதிதுதான், எண்ணெய் ஊற்றி, ஓட்டிப் பார்த்து, தயாராக வைத்திருக்கிறோம், பெட்டி பிரிக்கும் வேலைகூட உங்களுக்கு இல்லை என்றார்கள். பில்லிலும் புதிது என்றே எழுதிக் கொடுத்தார்கள். வரியோடு 2,800 டாலருக்கு மேல். பயனர் கையேட்டைக் கேட்டபோது இணையத்தில் இருக்கிறது என்றார்கள். மெஷினோடு வரும் உபரி ஷியர் பின் பையையும் கேட்டோம். இந்த மாடலுக்கு வராது என்று பதில் வந்தது. அது பொய்.

ஷியர் பின் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆகரை அதன் தண்டோடு சேர்த்துப் பிடித்திருப்பது பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ஒரு மெல்லிய முள். வேண்டுமென்றே பலவீனமாகச் செய்வார்கள், சிலவற்றில் நடுவில் ஒரு பள்ளம்கூட வெட்டியிருக்கும். ஆகர் ஐஸ் கட்டியிலோ கல்லிலோ மாட்டினால் முதலில் இந்த முள் ஒடிந்துவிட வேண்டும். வீட்டுக்கு ஃப்யூஸ் எப்படியோ அப்படி. சில டாலர் முள் போகும், சில நூறு டாலர் கியர்பாக்ஸ் பிழைக்கும்.

ஜனவரியில் பனி வண்டி தள்ளிவிட்டுப் போன மேட்டை வெட்டும்போது ஐஸ் கட்டி ஒன்று உள்ளே போனது. டக்கென்று ஒரு சத்தம். பிறகு எஞ்சின் ஓடுகிறது, இம்பெல்லர் சுற்றுகிறது, ஆகர் மட்டும் அசையவில்லை. முள் ஒடிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பார்த்தால் இரண்டு பக்கமும் கம்பீரமாக அப்படியே இருந்தது.

பக்கத்துத் தெருவில் சின்ன எஞ்சின் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். வந்து குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தவர், "தம்பி, இது ஷியர் பின் இல்லை. ஆர் இதைப் போட்டது?" என்று கேட்டார். போல்ட்டின் தலையைத் துடைத்துக் காட்டினார். நடுவிலிருந்து வெளியே ஓடும் ஆறு சின்னக் கோடுகள். அது கிரேடு 8 போல்ட்டின் அடையாளம், மிகவும் உறுதியான வகை. அது ஒடியாது. அது ஒடியாததால் உள்ளே இருந்த வெண்கலச் சக்கரத்தின் பற்கள் ஒடிந்துவிட்டன. கியர்பாக்ஸ் எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்தார். கறுப்பு எண்ணெய்க்குள் பொன்துகள் தூவியதுபோல் மின்னியது. அத்தனையும் பல்லின் துகள்.

அப்புறம் அவர் காட்டிய மற்றவை: இடது ஸ்கிட் ஷூ வலதைவிட நன்றாகவே தேய்ந்திருந்தது. முன்வாயின் உள்பக்கம் பெயிண்ட் இரண்டு தரமாக இருந்தது, கீறல் மேல் ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். போல்ட்டைச் சுற்றிப் பழைய துரு. ஒரு குளிர்காலத்தில் வரும் துரு இல்லை அது.

கடைக்கு எடுத்துப் போனோம். வாடிக்கையாளர் போல்ட்டை மாற்றியிருக்கிறார், வாரண்டி செல்லாது என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கையால் தொடாத போல்ட்டுக்கு எங்கள் மேல் பழி. பணம் போனதைவிட அந்த ஒரு வரிதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

உற்பத்தி நிறுவனத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு சீரியல் எண்ணைச் சொன்னதும் எல்லாம் வெளிவந்தது. அந்த எண்ணுக்கு வாரண்டி நாங்கள் வாங்கியதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரிலேயே வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. தேதியை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். எங்களுக்கு அது போதும்.

ஒன்டாரியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 14ஆம் பிரிவைப் பாருங்கள். புதிது அல்லாத பொருளைப் புதிது என்று சொல்வது பொய்யான விவரம் தருவதாகும் என்று அங்கே இருக்கிறது. 18ஆம் பிரிவின்படி, அப்படிச் செய்த விற்பனையை வாங்கிய ஓர் ஆண்டுக்குள் எழுத்தில் அறிவித்து ரத்து செய்யலாம். கடைச் சுவரில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று எழுதி ஒட்டியிருந்தாலும் இது செல்லும். அந்த அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதிலுக்குப் பாதி விலையைக் கடையிலேயே கழித்துக்கொள்ளும் கூப்பனாகத் தருகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டு, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறோம். இதற்கு வக்கீல் கட்டாயம் இல்லை. பில், சீரியல் எண் மின்னஞ்சல், போல்ட்டின் படங்கள், அண்ணன் எழுதிக் கொடுத்த பரிசோதனைக் குறிப்பு எல்லாம் இணைத்திருக்கிறோம். இதற்கிடையே பனி ஒதுக்க ஆள் வைத்துக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கடையில் நிற்கும்போதே சீரியல் எண்ணைப் படம் எடுத்து உற்பத்தி நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். பதிவாகியிருந்தால் அந்த மெஷின் புதிது இல்லை. பயனர் கையேடும் ஷியர் பின் பையும் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். ஸ்கிட் ஷூக்களின் அடியைத் தடவிப் பாருங்கள். பில்லில் புதிது என்ற சொல்லும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும், வாயால் சொன்னது கோர்ட்டில் நிற்பது கடினம்.

கடைக்காரர் தயார் செய்து கொடுத்த மெஷினை ஏற்கெனவே வாங்கி கராஜில் வைத்திருப்பவர்கள், பனி கொட்டும் வரை காத்திருக்க வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஆகர் தண்டில் இருக்கும் இரண்டு முள்ளையும் துடைத்துப் பாருங்கள். தலையில் ஆறு கோடு இருந்தால் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கையேட்டில் சொல்லியிருக்கும் அதே ஷியர் பின்னைப் போடாமல் மெஷினை வெளியே எடுக்க வேண்டாம்.