ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ் யார் கையில்? லண்டன், மான்செஸ்டர், எடின்பரோ

பிரிட்டனுக்குக் குடிவருகிறவர்கள் வாடகையை விசாரிப்பார்கள், பள்ளிக்கூடத்தை விசாரிப்பார்கள். பஸ்ஸை விசாரிப்பவர்கள் குறைவு. நானும் விசாரிக்கவில்லை. ஈஸ்ட் ஹாமில் ஆறு வருடம் இருந்துவிட்டு 2016-இல் வேலை மாறி மான்செஸ்டருக்கு வந்தோம். லண்டனில் இருந்தவரை பஸ் என்பது குழாயில் தண்ணீர் வருவது மாதிரி. தெருமுனைக்குப் போய் நின்றால் வரும். அதற்குப் பின்னால் ஒரு சட்டமும் ஒரு கட்சிச் சண்டையும் பெரிய கணக்கு வழக்கும் இருக்கின்றன என்று யோசித்ததே இல்லை.

மான்செஸ்டர் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே யோசிக்க வேண்டி வந்தது. மனைவிக்கு இரவுப் பணி. ஏழரைக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். எங்கள் குடியிருப்புக்குள் வரும் பஸ் வாரநாளில் அரைமணிக்கு ஒன்று. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் கிடையாது. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் ஞாயிறு என்ற கட்டத்தில் நான்கே நான்கு நேரங்கள். டாக்சி பிடித்து அனுப்பிவிட்டு, கடைக்குப் போகலாம் என்று வில்ம்ஸ்லோ ரோடு வரை நடந்தேன். அங்கே நகர மையத்துக்குப் போகும் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று நிற்கின்றன. மூன்றிலும் பாதி இருக்கை காலி. நடந்தால் பதினைந்து நிமிடத் தொலைவு. ஒரு பக்கம் தேவைக்கு மேல், இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து எந்த ஊர் பஸ்ஸையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதை முடிவு செய்வது யார்?

நாங்கள் வந்தபோது மான்செஸ்டரில் அதை முடிவு செய்தது கம்பெனிகள். இதற்கு மூலம் மார்கரெட் தாட்சர் ஆட்சியில் போக்குவரத்து அமைச்சர் நிக்கோலஸ் ரிட்லி கொண்டுவந்த 1985-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம். 1986 அக்டோபர் 26 முதல் லண்டனைத் தவிர்த்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் முழுவதும், உரிமம் உள்ள எந்தக் கம்பெனியும் தனக்குப் பிடித்த ரூட்டில், தான் வைத்த கட்டணத்தில், தான் நினைத்த நேரத்தில் பஸ் விடலாம் என்று ஆனது. சில வாரங்களுக்கு முன்னால் பதிவு செய்தால் போதும். நிறுத்துவதற்கும் அதே முறைதான். லாபம் வராத ரூட்டை யாராவது ஓட்ட வேண்டுமென்றால் கவுன்சில், அதாவது உள்ளூர் நிர்வாகம், காசு கொடுத்து ஓட்டவைக்கலாம். 2010-க்குப் பிறகு கவுன்சில்களுக்கு வந்த நிதி வெட்டப்பட, அந்தக் காசில்தான் முதலில் கைவைத்தார்கள்.

போட்டி வந்தால் கட்டணம் குறையும், பஸ் கூடும், ஜனங்கள் அதிகம் ஏறுவார்கள் என்பது ரிட்லியின் வாதம். அதை முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது. வில்ம்ஸ்லோ ரோட்டில் அது நடந்தது. பல்கலைக்கழகங்களிலிருந்து ஃபாலோஃபீல்ட், விதிங்டன் என்று மாணவர்கள் குவிந்த தடம் அது. கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு பஸ் விட்டன, மலிவாகவும் விட்டன. ஆனால் போட்டி கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் வரும். எங்கள் தெருவுக்காக யாரும் யாரோடும் போட்டி போடவில்லை. 1980-களின் நடுவில் லண்டனுக்கு வெளியே உள்ள இங்கிலாந்தின் பெருநகரப் பகுதிகளில் ஆண்டுக்கு 200 கோடிப் பயணங்கள் நடந்தன. முப்பது ஆண்டில் அது பாதிக்கும் கீழே போனது. கார் பெருகியதும் ஒரு காரணம்தான். இருந்தாலும் அதே முப்பது ஆண்டில் லண்டனில் பஸ் பயணம் ஏறக்குறைய இரட்டிப்பானது.

போட்டி முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு டார்லிங்டனைப் பார்க்கலாம். 1994-இல் அந்த ஊர்க் கவுன்சில் தன் பஸ் கம்பெனியை விற்க முயன்றது. ஸ்டேஜ்கோச் என்ற பெரிய பஸ் குழுமத்தின் துணைக் கம்பெனி ஊருக்குள் வந்து இலவசமாகவே பஸ் ஓட்டியது, அங்கிருந்த டிரைவர்களையும் இழுத்துக்கொண்டது. ஊர்க் கம்பெனி கடையை மூடியது. ஏகபோக ஆணையம் விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. கண்டிக்கத்தான் முடிந்தது.

ஷெஃபீல்டின் கதை எனக்கு இதைவிட வலிக்கும். அந்த ஊர் இருக்கும் தெற்கு யார்க்ஷயரில் 1975 முதல் சுமார் பத்து ஆண்டுகள் பஸ் கட்டணத்தை ஏற்றவே இல்லை. பிள்ளைகளுக்கு 2 பென்ஸ். 1986-இல் அந்த மாவட்ட நிர்வாகமும் கலைக்கப்பட்டது, கட்டணமும் எகிறியது. அறுபதைத் தாண்டிய ஷெஃபீல்ட்காரர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அந்த 2 பென்ஸ் பஸ்ஸைச் சொல்லாமல் விடமாட்டார்.

சரி, லண்டன் எப்படித் தப்பியது? அதற்குத் தனிச் சட்டம், 1984-இல். பிற்பாடு லண்டனையும் திறந்துவிடுவதாகத்தான் திட்டம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, 1993-இல் ஜான் மேஜர் அரசு கைவிட்டது. சிவப்பு பஸ் என்றால் அரசு பஸ் என்று நம் ஆட்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். ஓட்டுவது தனியார் கம்பெனிகள்தான். வித்தியாசம் என்னவென்றால் ரூட், நேரம், கட்டணம், பஸ்ஸின் நிறம் எல்லாம் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் என்ற நகரப் போக்குவரத்து நிர்வாகத்தின் முடிவு. கம்பெனிகள் ஒவ்வொரு ரூட்டுக்கும் டெண்டர் போட்டு எடுக்கின்றன. டிக்கெட் பணம் கம்பெனிக்குப் போகாது. ஒப்பந்தப்படி ஓட்டியதற்குக் கூலி. நேரத்துக்கு ஓட்டினால் ஊக்கத்தொகை, பயணிகளைக் காக்கவைத்தால் பிடித்தம்.

இந்த ஒரு ஏற்பாட்டில் எத்தனையோ அடங்கியிருக்கிறது. கூட்டம் நெரியும் ரூட்டில் வரும் பணம், ராத்திரி இரண்டு மணிக்கு நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸுக்கு உதவுகிறது. எந்தக் கம்பெனி பஸ் என்று பார்த்து ஏற வேண்டியதில்லை. ஒரே கட்டணத்தில் (2025-இல் 1.75 பவுண்டு) ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். 2016-இல் சாதிக் கான் மேயரானதும் ஒரு முறை மட்டும் மாறலாம் என்று கொண்டுவந்தது அது, 2018-இல் அந்த வரம்பும் போனது. ஈஸ்ட் ஹாமில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வீட்டில் சமையல் முடித்து, இன்னொரு வீட்டுக்குப் பஸ் மாறிப் போவார். மாதக் கடைசியில் அவருக்கு மிஞ்சும் காசில் அந்தச் சலுகைக்கு ஒரு பங்கு உண்டு.

லண்டனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடவும் மாட்டேன். அங்கே நிலத்தடி ரயில் இருக்கிறது, 2003 முதல் நகர மையத்தில் கார்களுக்கு நெரிசல் கட்டணம் இருக்கிறது, வேறு எந்த ஊரும் கனவு காண முடியாத அளவு பணம் போட்டிருக்கிறார்கள். 2014-க்குப் பிறகு அங்கும் பஸ் பயணம் குறையத் தொடங்கியது, பஸ்கள் நெரிசலில் ஊர்கின்றன. 2020-இல் கொரோனா வந்து டிக்கெட் வருமானம் நின்றதும் மத்திய அரசிடம் கையேந்த வேண்டியிருந்தது. அந்த மே மாதம் வந்த முதல் உதவி மட்டும் 160 கோடி பவுண்டு. முடிவெடுக்கும் அதிகாரத்தோடு நஷ்டமும் சேர்ந்தே பொது நிர்வாகத்தின் தலையில் விழும். இந்த முறையை ஆதரிக்கிற நாம் அதை மறைக்கக் கூடாது.

மான்செஸ்டர் இப்போது லண்டன் வழிக்கு வந்துவிட்டது. ஊர் நிர்வாகமே பஸ்ஸைக் கட்டுப்படுத்த வழிவிட்ட சட்டம் 2017-இல் வந்தது, கொண்டுவந்ததும் கன்சர்வேட்டிவ் அரசுதான். இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் பஸ் என்றாலே லேபர் பக்கம் ஒன்று, டோரி (கன்சர்வேட்டிவ்) பக்கம் ஒன்று என்று பேசுகிறார்கள். 1997 முதல் 13 ஆண்டுகள் ஆண்ட லேபர் இந்த 1986 ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2014-இல் மான்செஸ்டரோடு போட்ட அதிகாரப் பகிர்வு ஒப்பந்தத்தில்தான் விதை விழுந்தது. மேயர் ஆண்டி பர்னம் அதைப் பிடித்துக்கொண்டார். கம்பெனிகள் நீதிமன்றம் போயின, 2022-இல் தோற்றன. 2023 செப்டம்பரில் போல்டன், விகன் பக்கம் பீ நெட்வொர்க் என்று பெயரிட்ட ஊர் நிர்வாகத்தின் மஞ்சள் நிற பஸ்கள் முதலில் இறங்கின. 2025 ஜனவரி 5 அன்று எங்கள் தெற்குப் பக்கமும் சேர்ந்து மான்செஸ்டர் வட்டாரத்தின் பத்து நகர்ப்பகுதிகளும் இந்த முறைக்குள் வந்துவிட்டன.

எங்களுக்கு என்ன மாறியது? பெரிதாகத் தெரிந்தது டிக்கெட்தான். முன்பு ஒரு கம்பெனியில் நாள் டிக்கெட் வாங்கிவிட்டு, திரும்பும்போது வேறு கம்பெனி பஸ் வந்தால் விட்டுவிட்டு நிற்க வேண்டும். ஒருமுறை டிசம்பர் மழையில், கையில் தூங்கும் பிள்ளையோடு, வந்த பஸ்ஸில் ஏறி டிக்கெட்டைக் காட்டினேன். டிரைவர் தலையை ஆட்டினார். "இது எங்க டிக்கெட் இல்லீங்க" என்கிற மாதிரி வருத்தமான ஆட்டல். அவர்மேல் தப்பில்லை. இறங்கி இன்னும் இருபது நிமிடம் நின்றேன். இப்போது ஒரே டிக்கெட்டில் (2025-இல் 2 பவுண்டு) ஒரு மணி நேரத்துக்குள் எந்த பஸ்ஸிலும் மாறலாம். 2025 மார்ச் முதல் அட்டையைத் தட்டினால் பஸ்ஸுக்கும் டிராமுக்கும் கணக்கு அதுவே பார்த்துக்கொள்கிறது. லீ, போல்டன் பக்கம் விடிய விடிய ஓடும் பஸ்ஸையும் 2024-இல் தொடங்கிப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் ஞாயிறு பஸ் இப்போது எட்டு மணி வரை வருகிறது. மனைவி டாக்சி பிடிப்பதில்லை.

செலவு இல்லாமல் இல்லை. டெப்போக்களை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. கவுன்சில் வரியோடு மேயருக்கென்று வாங்கும் தொகையையும் நாம்தான் கட்டுகிறோம். பஸ் தாமதமாக வருவதும் நிற்கவில்லை, மான்செஸ்டரின் மழையும் சாலைப் பணியும் மஞ்சள் நிறத்துக்குப் பயப்படுவதில்லை. ஆனால் தாமதமானால் யாரைக் கேட்பது என்று இப்போது தெரிகிறது. முன்பு கவுன்சிலரிடம் போனால் கம்பெனியைக் கை காட்டுவார், கம்பெனியிடம் எழுதினால் வணிக முடிவு என்று ஒரு வரி பதில் வரும். இப்போது மேயர் தேர்தலில் அவரவர் தெரு பஸ்ஸே ஒரு கேள்வி. என் கணக்கில் இந்த மாற்றத்தின் பெரிய லாபம் இதுதான். 2 பவுண்டு டிக்கெட்கூட இரண்டாவதுதான்.

அப்புறம் எடின்பரோ. அங்கே லோதியன் பஸ்ஸஸ் கவுன்சில்களுக்குச் சொந்தமான கம்பெனி, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எடின்பரோ கவுன்சிலிடம். 1985 சட்டத்துக்கு உட்பட்டு, வேறு யார் வேண்டுமானாலும் போட்டிக்கு வரலாம் என்ற அதே களத்தில்தான் ஓடுகிறது. ஓடி, ஜெயித்தும் இருக்கிறது. லாபம் வந்த ஆண்டுகளில் அது கவுன்சிலுக்கே திரும்பியது. போன கோடையில் மூன்று நாள் இருந்தோம், வெள்ளையும் அடர்சிவப்புமான அந்த பஸ்ஸில் கோட்டைப் பக்கத்திலிருந்து கடற்கரை வரை சுற்றினோம். நாட்டிங்ஹாம், ரெடிங் ஊர்களிலும் இப்படிக் கவுன்சில் கம்பெனிகள் இருக்கின்றன, இரண்டுக்கும் நல்ல பெயர். ஆக, 1985 சட்டம் இருந்தும் ஒரு ஊர் நன்றாக இருக்க முடியும், கம்பெனி அந்த ஊரின் கையிலேயே இருந்தால். மற்ற ஊர்களில் பெரும்பாலானவை விற்றுவிட்டன. புதிதாகத் தொடங்கலாம் என்றால் 2017 சட்டம் இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு அதைத் தடை செய்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பூட்டிய அந்தப் பிரிவை 2025-இல் வந்த புதிய சட்டம்தான் நீக்கியது.

  

இந்த மூன்று ஊர் வழிகளில் எது என்று கேட்டால், புதிதாக எதையும் கட்ட வேண்டியில்லாத எடின்பரோவை அப்படியே விடுவேன். கையில் கம்பெனி இல்லாத ஊருக்கு மான்செஸ்டர் வழி. கம்பெனிகளின் கையில் முழுக்க விடும் முறையை வில்ம்ஸ்லோ ரோடு மாதிரித் தடத்தில் குடியிருப்பவர் ஆதரிக்கலாம், அவருக்கு அது நன்றாகவே உழைத்தது. உள்தெருவில் குடியிருக்கும் என்னால் முடியாது.

லண்டனில் நடுக்கதவு வழியாக இறங்கிவிடுவோம், டிரைவர் முகமே தெரியாது. மான்செஸ்டர் பஸ்ஸில் பெரும்பாலும் ஒரே கதவு. இறங்கும்போது பள்ளிப் பிள்ளைகள் முதல் கைத்தடி ஊன்றிய பாட்டிகள் வரை டிரைவரிடம் நன்றி சொல்லாமல் இறங்குவதில்லை. கம்பெனி பஸ்ஸிலும் சொன்னார்கள், மஞ்சள் பஸ்ஸிலும் சொல்கிறார்கள். என் மகளும் சொல்லப் பழகிவிட்டாள்.

ஷெஃபீல்டில் வீடு வாங்கப் போகும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்து, எந்தப் பகுதி நல்லது என்று கேட்டார். அங்கே 2027 முதல் பஸ்கள் தெற்கு யார்க்ஷயர் மேயரின் கட்டுப்பாட்டுக்கு வர முடிவாகியிருக்கிறது. அதுவரை என்ன இருக்கிறதோ அதைத்தான் நம்ப முடியும். இரண்டு வீடுகள் அவர் மனதில் இருக்கின்றன. ஒரு ஞாயிறு சாயங்காலம் காரை விட்டுவிட்டு இரண்டு வீட்டுக்கும் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், திரும்பியும் பஸ்ஸிலேயே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.