தைச்ச தோல் செருப்பா, ஒட்டுன சாண்டலா? உப்புக்காத்துல எது நிக்குது

நமக்கு பாம்பன். கடையில வாங்குற லெதர் சாண்டல் வருஷத்துக்கு ஒண்ணுன்னு தூக்கிப்போட்டு வெறுத்துப்போய், ரெண்டு வருஷமா ராமநாதபுரத்துல செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட சொல்லி செஞ்ச செருப்புதான் போடுறேன். மேல மரப்பட்டையில பதம் போட்ட தோல், அடியில டயர். என் ஓட்டு இதுக்குத்தான்.

விலை ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். புதுசுல சாண்டல்தான் சுகம், டயர் செருப்பு கனமா இருக்கும், முதல் பத்து நாள் பெருவிரல் பக்கம் கடிக்கும், அப்புறம் கால் வாகுக்கு வந்துடும்.

ஆனா பிஞ்சா என்ன பண்றதுங்கறதுதான் இங்க முக்கியம். சாண்டலோட பியூ சோல் (பாலியூரித்தேன்ங்கற பஞ்சு மாதிரி பிளாஸ்டிக் அடி) ஈரக்காத்துலயே உள்ளுக்குள்ள சிதையும், போடாம அலமாரில வச்சிருந்தாகூட ஒருநாள் எடுத்துப் பாத்தா கேக் மாதிரி உதிரும். அதுல ஊசி போட்டா நூலே சோலை அறுத்துட்டு வந்துரும், சொல்யூஷன் போட்டு ஒட்டினாலும் மறுபடி மணல்ல நடந்தா வாயைப் பொளந்துரும், மேல் தோல் நல்லா இருந்தும் குப்பைக்குத்தான் போகணும்.

தைச்சதுலயும் ஒரு விஷயம் இருக்கு, அது ஆணி. என் முதல் ஜோடியில வார் மாட்டுற இடத்துல ரெண்டு ரெண்டு இரும்பு ஆணி அடிச்சிருந்துச்சு, நாலே மாசத்துல ஆணியைச் சுத்தி தோல் கன்னங்கரேல்னு ஆகி, நகத்தால சுரண்டினா பொடியா வந்துச்சு. பட்டைத் தோல்ல இருக்குற துவர்ப்பும் இரும்புத் துருவும் சேந்தா கறுத்துரும், கடுக்காய்த் தண்ணில இரும்பு பட்டா மை ஆகுதுல்ல, அதே கதைதான். தோலும் அங்கேயே செத்துப்போகுது. ரெண்டாவது ஜோடி பூரா நைலான் நூல் தையல், இன்னும் அப்படியே நிக்குது. நடுவுல ஒரு தையல் விட்டப்ப குத்தூசி வாங்கி நானே போட்டுக்கிட்டேன், அரைமணி நேர வேலை.

கோலாப்பூரி செருப்பும் ஆணி இல்லாம தோல்வாராலயே தைக்கிறதுதான், 2019ல புவிசார் குறியீடும் கெடச்சுச்சு. ஆனா அடியும் தோலுங்கறதால கடல்தண்ணி பட்டா ஊறிப்போகும், கல்யாணம் காட்சிக்கு சரி. ஒரு ஜோடிதான் போட்டுப் பாத்தேன், அதுவும் கோடையில.

எந்தத் தோலா இருந்தாலும் உப்புத்தண்ணி பட்ட அன்னிக்கே நல்ல தண்ணில அலசி நிழல்ல காயவைங்க, வெயில்ல வச்சா வெறச்சு வெடிக்கும். காஞ்சதும் விளக்கெண்ணெய் லேசா தடவுங்க. வாடைக்காத்து மாசங்கள்ல பூஞ்சை வரும், எண்ணெயைக் கொறச்சுக்கிட்டு துணியால தொடச்சு வச்சாப் போதும்.

செய்யக் குடுக்குறப்பவே “அண்ணே, இரும்பாணி ஒண்ணுகூட வேணாம், டயரும் நைலான் டயரா போடுங்க”ன்னு சொல்லிடுங்க, ரேடியல் டயர்னா உள்ள கம்பி இருக்கும், தேயத் தேய வெளிய வந்து துரு ஏறி கால்ல குத்தும்.