பருவுக்கு சிங்க் மாத்திரை என்று 18,500 ரூபாயைப் பறித்துவிட்டார்கள், கவனம்!

ஹட்டன் பக்கத்து ஆட்கள் கட்டாயம் படியுங்கள். எப்படித் தப்புவது என்றும் கீழே எழுதுகிறேன்.

தங்கச்சிக்கு 17 வயது, முகமெல்லாம் பரு. அம்மா டவுனில் ஒரு சரும அழகு நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே வெள்ளைக் கோட் போட்ட பெண், தண்ணீர் மாதிரி எதையோ ஒரு மூடியில் ஊற்றிக் கொடுத்து, "வாயில வச்சிரு தங்கச்சி, என்ன ருசி?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணும் தெரியல மிஸ்." உடனே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைக்கு ஒடம்புல சிங்கே இல்லம்மா, அதான் பரு. நம்ம புள்ள மாதிரி நெனச்சித்தான் சொல்றேன்" என்றாராம். கொழுந்து பறித்துக் கறைபட்ட கையை அப்படி யாரும் பிடித்ததில்லை, அம்மா நம்பிவிட்டார். மூன்று போத்தல், 18,500 ரூபாய். சீட்டுக் காசு மொத்தமும். பில் கிடையாது.

லேபிளில் ஒரு மாத்திரைக்கு 50 மில்லிகிராம் சிங்க், நாளைக்கு இரண்டு. அந்த வயதுக்கு உச்ச வரம்பே நாளைக்கு 34 மில்லிகிராம்தான்! பிள்ளை குமட்டி, வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டாள்.

கோல் எடுத்தால் "நஞ்சு வெளியேறுது, நல்லதுதான்" என்றார்கள். அப்புறம் "மேடம் கண்டியில்". அப்புறம் "திறந்த போத்தலை எடுக்க மாட்டோம்". இப்போது வாட்ஸ்அப்பில் பிளாக். 18,500 ரூபாய்க்கு ஒரு மன்னிப்புகூட இல்லை.

அரச வைத்தியசாலை டொக்டர் தெளிவாகச் சொன்னார்: பரு உள்ளவர்களுக்குச் சராசரியாக இரத்தத்தில் சிங்க் கொஞ்சம் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுவது உண்மை, சிலருக்கு மாத்திரையால் பரு குறையவும் செய்யும். ஆனால் ஒருவருக்குப் பரு வந்ததை வைத்து சிங்க் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ருசி பார்த்துச் சொல்வதையும் நம்ப முடியாது. முதலில் கொடுப்பது பென்சொயில் பெரொக்சைட், அடாபலீன் போன்ற பூச்சு மருந்துகள். அதிக சிங்கை நீண்டநாள் விழுங்கினால் உடம்பில் செம்பு குறைந்து இரத்தசோகை வரலாம். ஏற்கனவே இரத்தம் குறைந்த பிள்ளைகள் நிறைந்த தோட்டங்களில் இதையா விற்பது?

சரி, அவசரமாகச் சொல்கிறேன். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். மில்லிகிராம் பாருங்கள். வெள்ளைக் கோட் போட்டவரெல்லாம் டொக்டர் இல்லை. நுகர்வோர் அதிகார சபை இலக்கம் 1977, நாளைக் காலையில் எடுக்கப்போகிறேன். இதே இடத்தில் காசு கொடுத்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே முறையிடுவோம்.