பிறந்த குழந்தைக்கான டிஜிட்டல் தொங்கு தராசு: மூன்று ஆண்டு பயன்படுத்திய அனுபவம்

பழங்குடிக் குடியிருப்புகளில் தாய்-சேய் நலம் பற்றிய ஆய்வில் களச் செவிலியாக வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாக என் முதுகுப்பையில் கிடக்கும் ஒரு பொருளைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. பிறந்த குழந்தையைத் துணியில் கிடத்தித் தொங்கவிட்டு எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு. 20 கிலோ வரை தாங்கும். 10 கிராம் வரை பிரித்துக் காட்டும்.

இதற்கு முன் முள் வைத்த ஸ்பிரிங் தராசுதான். அதில் கோட்டுக்குக் கோடு 100 கிராம். முள் நடுவில் நின்றால் கை தானாக முழு எண்ணை எழுதிவிடும். ஒருநாள் என் பழைய பதிவேட்டை எடுத்து எடைகளை எண்ணிப் பார்த்தேன். 2,500 என்ற எண்ணில் மட்டும் குழந்தைகள் குவிந்திருந்தார்கள். 2,500 கிராமுக்குக் கீழே போனால்தான் 'எடை குறைந்த குழந்தை' என்று கணக்கு. 2,460 கிராமில் பிறந்த பிள்ளையை 2,500 என்று எழுதியிருந்தால், கூடுதலாகக் கவனிக்க வேண்டியவர்களின் பட்டியலில் அந்தப் பிள்ளை வந்தே இருக்காது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழங்குடி மக்களின் உடல்நலம் பற்றி 2016இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு, 23 நாடுகளைச் சேர்ந்த 28 பழங்குடி இனங்களின் தகவல்களைத் திரட்டியது. பிறப்பு எடை, சிசு மரணம், தாய் மரணம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் எல்லா இனங்களுக்கும் எல்லாத் தகவலும் கிடைத்துவிடவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் வேலை ஏதோ ஒரு வீட்டு வாசலில், ஒரு தராசில்தான் தொடங்குகிறது.

சரி, தராசுக்கு வருகிறேன். துணியை மாட்டி சைபர் ஆக்கிவிட்டுத்தான் பிள்ளையைக் கிடத்த வேண்டும். பிள்ளை கைகால் உதைத்தாலும் எண் ஒரு நொடியில் நிலைத்துவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு உடல் சூடு சட்டென்று இறங்கும் என்பதால், எனக்கு இதுதான் பெரிய வசதி. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எடை பார்ப்பதே நல்லது; நாள் தள்ளினால் எடை இறங்கிவிடும், பிறப்பு எடை என்று அதை எழுத முடியாது. தினமும் காலையில் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சரிபார்ப்பேன். மூன்று ஆண்டில் இரண்டு முறைதான் 10 கிராம் பிசகியது.

குறை இல்லாமல் இல்லை. குளிர்காலத்தில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஒரு நிமிடம் தொடாமல் விட்டால் தானே அணைந்துவிடும். கூட வரும் துணி ஒன்றே ஒன்று. ஒரு பிள்ளைக்குப் போட்டதைத் துவைக்காமல் அடுத்த பிள்ளைக்குப் போட எனக்கு மனம் வராது, அதனால் நான்கு தைத்து வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் விட, எண் தெரியும் திரை ஒரு பக்கம்தான். நான் எப்போதும் அதை என் பக்கம் வைத்தே பார்த்து வந்தேன். ஒரு வீட்டில் பிள்ளையை எடை போட்டபோது, அதன் பாட்டி கேட்டதும்தான் அது தவறு என்று உறைத்தது. "நீ பாத்துட்ட, எழுதிட்ட. பெத்தவளுக்கு யாரு காட்டுவா?" என்றார். கட்டிலில் சாய்ந்திருந்த அந்தத் தாய் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனடாவின் முதற்குடி மக்கள் 1998இல் தங்களைப் பற்றித் திரட்டும் தகவல்களுக்கு நான்கு நெறிகள் வகுத்தார்கள்: உடைமை, கட்டுப்பாடு, அணுகும் உரிமை, கைவசம் வைத்திருத்தல். பயிற்சி வகுப்பில் படித்து ஒப்பித்தவள்தான் நான். பாட்டி கேட்கும்வரை திரையைத் திருப்பத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து திரை தாய் பக்கம். அவள் எண்ணைப் படித்துச் சொல்வாள், நான் எழுதுவேன். அதே எண்ணை ஓர் அட்டையிலும் எழுதி அவளிடமே கொடுத்துவிடுவேன். அப்புறம்தான் அதை ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்பேன். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அட்டை அவர்களுக்கும் உண்டு.

வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்குங்கள். எடைக்கல், மாற்றுப் பேட்டரி, கூடுதல் துணி மூன்றையும் கூடவே வாங்கிவிடுங்கள். தயாரிப்பவர்கள் அடுத்த மாடலில் இரண்டு பக்கமும் திரை வைத்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.