பழைய இரும்பைப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கும் முன்

கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பக்கம் மெட்டல் டிடெக்டரோடு வயல் வயலாக நடக்கிற நம் ஆட்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மண்ணிலிருந்து எடுத்த இரும்புச் சாமானை ‘மியூசியம் தரத்தில் பதப்படுத்தித் தருகிறேன்’ என்று காசு வாங்கிக்கொண்டு, அமிலத்தில் முக்கி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துத் திருப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கையில் ஒரு அருமையான கோடரித் தலை நாசமானது. அந்த ஆளின் பெயரை இங்கே போடவில்லை. அவர் செய்த வேலையை அடையாளம் கண்டுகொள்ள உங்களுக்குத் தெரிந்தால் போதும், ஏனென்றால் அதே வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

கோடரி கிடைத்தது கனெக்டிகட்டின் வடமேற்கு மலைப்பக்கத்தில் ஒரு பழைய பண்ணையில். தனியார் நிலம், சொந்தக்கார அம்மாவிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். (புதிதாக வருகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தேசியப் பூங்காக்களுக்குள் டிடெக்டரைக் கொண்டு போகவே கூடாது. மத்திய அரசு நிலத்தில் நூறு ஆண்டு தாண்டிய தொல்பொருளை அனுமதியில்லாமல் தோண்டி எடுப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லெக்சிங்டன், கான்கார்ட் பக்கம் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய இடமாயிற்றே என்று ஆசைப்பட்டு அங்கே இருக்கிற தேசியப் பூங்காவுக்குள் இறங்கிவிடாதீர்கள்.) இடிந்த கல்சுவர் ஓரமாக, பழைய வீட்டின் நிலவறைக் குழிக்குப் பக்கத்தில், கையால் அடித்த ஆணிகள், தட்டைப் பித்தான்கள், தேய்ந்துபோன 1787 கனெக்டிகட் செப்புக்காசு ஒன்று, அப்புறம் எருதுகளுக்கு அடித்த லாடங்கள் எல்லாம் ஏற்கெனவே அந்தத் துண்டு நிலத்தில் வந்திருந்தன. நம்மூர் வண்டிமாட்டு லாடம் மாதிரியே பிளவுபட்ட குளம்புக்கு இரண்டு பாதியாக அடித்த லாடங்கள்தான் அவையும். பெரும்பாலானோர் இரும்புச் சத்தம் வந்தால் டிடெக்டரில் அதை அடக்கிவிட்டு வெள்ளி, செம்பு தேடிப் போய்விடுவார்கள். நான் இரும்பை விடுவதில்லை. ஒரு வீட்டில் மனிதர்கள் என்ன வேலை செய்து பிழைத்தார்கள் என்பதைக் காசைவிட இரும்புதான் நன்றாகச் சொல்லும்.

அந்தக் கோடரி தொழிற்சாலைச் சாமான் இல்லை. இதே மாநிலத்தில் காலின்ஸ் நிறுவனம் 1826இல் தொடங்கி, கோடரிகளை ஆயிரக்கணக்கில் செய்து முத்திரை குத்தி உலகம் முழுக்க அனுப்பியது. அதற்கு முந்தைய காலத்துக் கொல்லர்கள் தேனிரும்பு (காய்ச்சி அடித்து வளைக்கக்கூடிய மென்மையான இரும்பு) பட்டையை மடித்து, மடிப்பில் காம்பு நுழையும் துளையை விட்டு, வெட்டுவாயில் மட்டும் ஒரு எஃகுத் துண்டைச் செருகி உலையில் காய்ச்சி அடித்து ஒட்டுவார்கள். எஃகு அன்றைக்கு விலை அதிகம், அதனால் வெட்டுகிற இடத்துக்கு மட்டும். இந்தக் கோடரியில் அந்த ஒட்டு விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிய விஷயம், ஒரு பக்கக் கன்னத்தில், அதாவது தட்டையான பக்கத்தில், துருவுக்கு அடியில் சின்னதாக ஒரு சதுரப் பள்ளம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளே இரண்டு எழுத்துகள், ஒன்று ஏறக்குறைய படிக்கிற அளவுக்கு. செய்த கொல்லரின் முத்திரை! அந்த அம்மாவுக்குக் காட்டியபோது, தன் முன்னோர் கை பட்டதாக இருக்கலாம் என்று கண் கலங்கிவிட்டார். சரி, இது உங்கள் வீட்டு அடுப்பு மாடத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும், நான் பதப்படுத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆணி, லாடமெல்லாம் வீட்டிலேயே மின்னாற்பகுப்பு போட்டு, அதாவது கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி, சுத்தம் செய்துவிடுவேன். முத்திரை இருந்ததால்தான் இதைக் கைதேர்ந்தவரிடம் கொடுக்க நினைத்தேன். பழம்பொருள் சந்தையொன்றில் மேசை போட்டிருந்தார் அவர். முன்-பின் படங்கள் ஆல்பம் ஆல்பமாக. என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பதிலை மெசேஜிலும் எழுதியே அனுப்பினார்: மின்னாற்பகுப்பு, உப்பு நீக்கம், டானிக் அமிலப் பூச்சு, கடைசியில் மெழுகு. கூலி 180 டாலர், பாதி முன்பணம். முத்திரை இருக்கிற இடத்தை அம்புக்குறி போட்டுப் படம் அனுப்பி, இந்த இடத்தைத் தொடவே வேண்டாம், சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். கவலைப்படாதே, இதுதான் என் தொழில் என்றார்.

இரண்டு வாரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. மீதிப் பணம் வந்தால்தான் பார்சல் போகும், அதுவும் பணம் அனுப்பும் செயலியில் நண்பர்களுக்குள் அனுப்புகிற வகையில்தான் அனுப்ப வேண்டும் என்று கறாராகச் சொன்னார். அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு எதுவும் கிடையாது, பிறகு தகராறு என்று புகார் போட முடியாது. பொருள் அவர் கையில் இருக்கும்போது நாம் என்ன பேரம் பேச?

வந்ததைப் பிரித்ததும் வயிறு எரிந்தது. மை மாதிரி கறுப்பு, பளபளவென்று மினுக்கம். கன்னம் இரண்டும் வழவழப்பாகி, கம்பிச் சக்கரம் போன கோடுகள் வரிசையாக. முத்திரை இல்லை. எழுத்தும் இல்லை, சதுரப் பள்ளத்தின் விளிம்புகூட இல்லை. ஓரங்களில் மரவரி போல நீள நீளமாகக் கோடுகள் எழும்பியிருந்தன. தேனிரும்புக்குள் கசடு இழை இழையாக ஓடும், அமிலம் சுற்றியுள்ள இரும்பைத் தின்று இழைகளை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். காம்புத் துளைக்குள் விரலை விட்டால் பெயிண்டுக்கு அடியிலிருந்து ஆரஞ்சுத் துரு கையோடு வந்தது.

போனில் கேட்டேன். ‘கொஞ்ச நேரம் அமிலத்தில் போட்டேன், எல்லோரும் செய்வதுதானே’ என்றார். மியூரியாட்டிக் அமிலம். செங்கல் சுவரில் சிமெண்ட் கறை எடுக்க ஹார்டுவேர் கடையில் கேனில் விற்கிறார்களே, அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான்.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த மோசடியும் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. இரும்பு மண்ணுக்குள் கிடக்கும்போது துரு வெளியே மட்டும் வளர்வதில்லை, இரும்பையே தின்றுகொண்டு உள்ளேயும் போகிறது. அதனால் கொல்லர் அடித்து முடித்த அன்றைக்கு இருந்த மேற்பரப்பு, இப்போது பளிச்சென்று மின்னுகிற உலோகத்தில் இருக்காது, துருவடுக்குகளுக்கு நடுவில் இருக்கும். வெளியே மண்ணும் கல்லும் ஒட்டிய பொருக்கு, அதற்குக் கீழே அடர்த்தியான கருந்துரு, முத்திரை அந்தக் கருந்துருவில் பதிந்திருக்கும். அருங்காட்சியகத்தில் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, உருப்பெருக்கிக்குக் கீழே பொருக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது அதனால்தான். துரு முழுவதையும் உரித்து உலோகம் வரைக்கும் போகிறவன் கோடரியின் மேற்பரப்பையே உரித்து எறிகிறான். அது சுத்தம் செய்வது ஆகாது.

இரண்டாவது விஷயம் உப்பு. மண்ணில் இருக்கும் உப்பிலிருந்து வரும் குளோரைடு துருவின் அடியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். இந்த நியூ இங்கிலாந்து (கனெக்டிகட், மாசசூசெட்ஸ் அடங்கிய வட்டாரம்) வயலில் கடல் எங்கே என்று கேட்பீர்கள். குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு உருகி வயலுக்குத்தான் வருகிறது, பொட்டாஷ் உரத்தில் பெரும்பங்கு பொட்டாசியம் குளோரைடு. இந்தக் குளோரைடை வெளியே எடுக்காமல் மேலே பெயிண்டோ மெழுகோ பூசினால், காற்றில் ஈரம் ஏறியதும் உள்ளே மறுபடி வேலையை ஆரம்பிக்கும். பழுப்பு நீர்மணிகளாகக் கசியும், பிறகு தகடு தகடாக உரியும். இவர் உப்பை நீக்காதது மட்டுமா, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கிப் புதிதாகக் குளோரைடு வேறு ஏற்றிவிட்டார். எழுத்தில் கொடுத்த ‘உப்பு நீக்கம்’ என்ற வார்த்தைக்கு நேர் எதிரான வேலை.

ஆகஸ்டுப் புழுக்கம் வந்ததும் அப்படியே நடந்தது. பெயிண்டைத் துளைத்துக்கொண்டு தேன் நிறத்தில் சொட்டுகள். வேதியியல் ஆசிரியராக இருக்கிற நண்பர் ஒருவர், உதிர்ந்த ஒரு செதிலைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, ஒரு துளி நைட்ரிக் அமிலம் சேர்த்து, வெள்ளி நைட்ரேட் விட்டுக் காட்டினார். தண்ணீர் பால் போல வெளுத்தது. குளோரைடு இல்லாவிட்டால் அப்படி வெளுக்காது.

இதைப் படத்தோடு அனுப்பியதற்கு வந்த பதில்: பூமிக்குள் கிடந்த இரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும், வேண்டுமானால் பாதி விலையில் மறுபடி செய்து தருகிறேன். இன்னும் கொஞ்சம் அழுத்தியதும், பிடிக்கவில்லையென்றால் 40 டாலருக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதற்கப்புறம் பதிலே இல்லை. அவர் மேசையில் ‘காலனி காலம்’ என்று அட்டை போட்டு அதே கறுப்பு மினுக்கத்தோடு விற்பனைக்கு இருந்த கோடரிகளை இப்போது நினைத்தால் கோபம்தான் வருகிறது. வாங்கிப் போனவர்கள் வீட்டில் அவை என்ன கதியில் இருக்கின்றனவோ.

உப்பு நீக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்று ஒரு அளவு தெரிந்துகொள்ளுங்கள். கடற்கொள்ளையன் பிளாக்பியர்டின் கப்பலான குயீன் ஆன்ஸ் ரிவெஞ்ச் 1718இல் வடக்குக் கரோலினாக் கரையில் தரைதட்டியது, 1996இல் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து எடுத்த பீரங்கிகள் ஒவ்வொன்றும் ஆய்வகத் தொட்டிகளில் மின்னாற்பகுப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டியிருக்கிறது. அது கடலில் ஊறிய வார்ப்பிரும்பு, வயல் கோடரிக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் வாரக்கணக்கு, மாதக்கணக்கு வேண்டும். ஊறவைக்கிற காரக்கரைசலை மாற்றி மாற்றி, குளோரைடு இறங்குவதைச் சோதித்துச் சோதித்துத்தான் நிறுத்த முடியும். ஆகவே யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், எத்தனை நாள் ஊறவைப்பீர்கள், குளோரைடு நின்றுவிட்டதை எப்படிச் சோதிப்பீர்கள் என்று இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். தெரிந்தவர் சந்தோஷமாக விளக்குவார். தெரியாதவர் ஆல்பத்தைத் திறந்து காட்டுவார். அமிலம் உண்டா, எந்த அமிலம் என்று எழுத்தில் வாங்குங்கள். டானிக் அமிலமும் அமிலம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம், அது துருவைக் கருநீலமாக மாற்றி நிலைநிறுத்துவது. பூச்சு போடுவதற்கு முன் வெறும் இரும்பாக இருக்கும்போது ஒரு படம் கேளுங்கள். பெயிண்ட், லாக்கர் கூடாது என்று சொல்லுங்கள், மெழுகு போதும். முழுப்பணத்தையும் பொருளைப் பார்க்கும் முன் கேட்கிறவரிடம் கொடுக்கவே வேண்டாம்.

வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சலவை சோடா கரைசல், குறைந்த மின்னோட்டம், எதிரே நேர்முனையில் (+) சாதாரண இரும்புத் தகடு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள், அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் மூடிய அறையில் செய்யக் கூடாது. காந்தம் சரியாக ஒட்டாத, கையில் லேசாக இருக்கிற சாமானை மின்னாற்பகுப்பில் போடவே வேண்டாம். உள்ளே உலோகம் மிச்சம் இல்லாவிட்டால் தொட்டியில் தூளாகிவிடும்.

அந்த அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொல்லி, முத்திரை தெரிகிற பழைய படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன். கோடரி இப்போது என்னிடம் காரக்கரைசலில் இருக்கிறது, மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற.

உங்களிடமும் இப்படிக் கறுப்பு மினுக்கத்தோடு வந்த சாமான் இருந்தால் இன்றைக்கே துளைக்குள்ளும் மூலை முடுக்கிலும் பாருங்கள். நீர்மணியோ புதிய ஆரஞ்சுத் துருவோ இருந்தால் கம்பி பிரஷை எடுக்காதீர்கள், மறுபடி பெயிண்டும் அடிக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் நிறையப் போட்டு அதில் வையுங்கள். ஈரம் இல்லாவிட்டால் அரிப்பு மட்டுப்படும், அந்த அவகாசத்தில் நல்ல ஆளாகத் தேடலாம். பிறகு அசிட்டோனால் பெயிண்டை நீக்கிவிட்டு உப்பு நீக்குகிற வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.