ஓர் எழுத்து, ஓர் எண்: அட்மிரல்டி அட்டவணையைப் பயன்படுத்திப் பார்த்ததில்

ஒற்றர் கொண்டுவரும் செய்தியை எடைபோட உளவுத்துறைகள் இன்றும் கையாளும் கருவி, அரைப் பக்கத்தில் அடங்கிவிடும் ஓர் அட்டவணைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரல்டியின் உளவுப் பிரிவில் புழக்கத்துக்கு வந்ததால் அட்மிரல்டி முறை எனப்படும் இதை, அமெரிக்கத் தரைப்படை 2006இல் வெளியிட்ட மனித உளவுக் கையேட்டின் பிற்சேர்க்கையில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். செய்திப் பிரிவில் எனக்கு வந்துசேரும் துப்புகளைத் தரம்பிரிக்கச் சில ஆண்டுகளாக இதைப் பயன்படுத்திவருகிறேன்.

பயன்படுத்துவது எளிது. தகவல் தந்தவரின் நம்பகத்துக்கு ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஓர் எழுத்து. தந்த தகவலுக்கு 1 (உறுதியானது) முதல் 6 (மதிப்பிட இயலாதது) வரை ஓர் எண். ஆளையும் சொல்லையும் இப்படிப் பிரித்ததே இதன் பெரிய நன்மை. நாணயமானவரும் தவறாகக் கேட்டுவந்து சொல்லலாம், புளுகனும் ஒரு நாள் உண்மையைக் கொண்டுவரலாம். ‘எஃப்’ என்ற எழுத்துதான் இடறுகிறது. முன்பின் அறியாதவர், ஆகவே மதிப்பிட இயலவில்லை என்பதே அதன் பொருள். ஆனால் வரிசையில் கடைசியில் நிற்பதால், நம்பத்தகாதவரைக் குறிக்கும் ‘ஈ’யைவிடவும் மோசமான தரமாகவே அது கண்ணில் படுகிறது. நானே முதல் மாதத்தில் அப்படித்தான் படித்தேன்.

இந்தக் கருவியைச் சோதிக்க ‘கர்வ்பால்’ விவகாரத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. 1999இல் ஜெர்மனிக்கு வந்து அடைக்கலம் கோரிய ஈராக்கிய வேதிப் பொறியாளர் ரஃபீத் அகமது அல்வானின் குறிப்பெயர்தான் ‘கர்வ்பால்’. அவர் லாரிகளில் நகரும் உயிரியல் ஆயுதக் கூடங்களைப் பற்றி ஜெர்மானிய உளவுத்துறையிடம் சொன்னவை, 2000 ஜனவரி முதல் 2001 செப்டம்பர் வரை ஏறக்குறைய 100 அறிக்கைகளாக அமெரிக்காவை அடைந்தன. அவரை நேரில் விசாரிக்க அமெரிக்கர்களுக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. ஒரே ஒருவர் மட்டும் 2000 மே மாதத்தில் சந்தித்தார், அப்போது அல்வான் முந்தைய நாள் குடித்த மயக்கம் தெளியாதவர்போல் இருந்தார். லாரிகள் நுழைவதாக அவர் சொன்ன இடத்தில் ஒரு சுவர் வழிமறித்து நின்றதைச் செயற்கைக்கோள் படம் காட்டியபோதும், சொன்னவரைச் சந்தேகிக்காமல், அந்தச் சுவரே ஈராக்கின் கண்கட்டு வித்தையாக இருக்கலாம் என்று விளக்கம் கண்டார்கள். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்பதற்கு இதையே சான்றாக முன்வைத்தார். 2004இல் அறிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. 2011இல் தாம் பொய் சொன்னதாக அல்வானே ஒப்புக்கொண்டார்.

அட்டவணைப்படி 1 என்ற எண்ணைத் தர, ஒன்றையொன்று சாராத பிற வழிகளால் உறுதிப்பட்டிருக்க வேண்டும். பவல் தம் உரையில் நான்கு பேரைச் சாட்சியாகக் காட்டியதால் கணக்கு நேராகவே தெரிந்தது. ஆனால் அந்த நால்வரில் ஒருவர் கட்டுக்கதை சொல்பவர் என்று 2002 மே மாதமே அமெரிக்கப் பாதுகாப்பு உளவு முகமை எச்சரிக்கை விடுத்திருந்தது. அந்த எச்சரிக்கை அவருடைய பழைய அறிக்கையோடு இணைக்கப்படாததால், அறிக்கை கோப்பில் அப்படியே இருந்தது. பிறகு தெரியவந்ததைப் பழைய தரத்தின்மேல் ஏற்றுவதற்கு இந்த அட்டவணையில் இடமே கிடையாது என்பதே என் பெரிய குறை.

சாராமை பற்றியும் அது ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக உழைத்த இரட்டை ஒற்றர் ஹுவான் புஜோல் என்ற ஸ்பானியர், ஜெர்மானியருக்காகத் தாம் நடத்துவதாகச் சொன்ன 27 துணை ஒற்றர்களும் அவருடைய கற்பனையே. அத்தனை பேர் சொல்லும் ஒத்துப்போனதில் வியப்பில்லை. ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் வைக்கும் வரிசையை இங்கே கவனிக்க வேண்டும்: ‘ஒற்றொற் றுணராமை ஆள்க’ என்று ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆளச் சொன்ன பிறகே, மூவர் சொல் ஒத்தால் தெளியலாம் என்கிறார்.

ஆகவே நான் இதை அப்படியே பயன்படுத்துவதில்லை. தகவலாளி தாமே கண்டாரா, கேட்டாரா, யாரிடம் கேட்டார் என்பதற்கு ஒரு பத்தியும், சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். அல்வானுக்கு அது ஜெர்மனியில் வாழும் உரிமை. தரம் இட்ட தேதியையும் எழுதிவைத்து, ஆளைப் பற்றிப் புதிதாக ஏதேனும் தெரியவரும்போது பழைய பக்கங்களைப் புரட்டித் திருத்துகிறேன். வேலை இரட்டிப்பாகிறது; பாதித் துப்புகள் ‘எஃப் 6’ என்றே நிற்கின்றன.