பழைய கார் செட்டில் போன் பாட்டு: எந்த வழி தேறும்?

2000-க்கு அப்புறம் வந்த முதல் பத்தாண்டு வண்டிகள் குமரி மாவட்டத்தில் இன்னும் நிறைய ஓடுகின்றன. குவாலிஸ், சான்ட்ரோ, ஐகான், பழைய சிட்டி. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை, ஸ்பீக்கரும் பாடுகிறது. கம்பெனி செட்டில் கேசட் இருக்கும், சிலவற்றில் சிடி இருக்கும். போனைச் செருகத்தான் இடம் இருக்காது. கடையில் கேட்டால் "செட்டயே மாத்திரலாம் சாரே" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். மாற்றாமலே செய்ய ஐந்து வழிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே தரம் கிடையாது, எல்லா வண்டிக்கும் பொருந்தவும் செய்யாது.

அவற்றை எடைபோட நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: பாட்டு செட்டுக்குள் எந்த இடத்தில் நுழைகிறது? ஏரியலில் வருவது ரேடியோ ட்யூனரைக் கடக்க வேண்டும். கேசட்டில் வருவது டேப்பைப் படிக்கும் ஹெட்டையும் அதற்குப் பின்னால் உள்ள சிறு ஆம்ப்ளிஃபையரையும் கடக்க வேண்டும். இரண்டும் ஒரு தேர்வுச் சுவிட்சில் சேர்ந்து, அங்கிருந்து வால்யூம், பேஸ், ட்ரெபிள், ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் பவர் ஐசி, கடைசியில் ஸ்பீக்கர். போன் ஒலி இந்த வரிசையில் எவ்வளவு பிந்தி நுழைகிறதோ அவ்வளவு சுத்தமாகக் கேட்கும். முன்னால் நுழைந்தால் வழியில் உள்ள எல்லாவற்றின் குறையையும் சேர்த்துக்கொண்டு வரும்.

அதிகம் விற்பது, வரிசையில் மிக முன்னால் நுழைவதுதான்: லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். போனிலிருந்து புளூடூத்தில் பாட்டை வாங்கி, 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எஃப்.எம். பட்டையில் ஏதாவது ஓர் அலைவரிசையில் மெல்லிய சக்தியோடு ஒலிபரப்பும். செட் அதை ஒரு வானொலி நிலையம் என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூ ஒன்றைக்கூடக் கழற்ற வேண்டாம், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், போனுக்கு சார்ஜும் ஏறும்.

ஆனால் நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாகர்கோவில் வானொலி 101-இல் இருக்கிறது. திருவனந்தபுரம் வானொலி 101.9-இல். மேற்கே போகப் போக அந்த நகரத்துத் தனியார் நிலையங்களும் வலுக்கின்றன: 92.7, 93.5, 94.3, 98.3. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலி நிலையங்கள் வந்துவிடும். டிரான்ஸ்மிட்டர் இருப்பது வண்டிக்குள், தகரக் கூட்டுக்கு நடுவில். ஏரியல் இருப்பது வெளியே, நிஜமான நிலையங்களை நன்றாகப் பிடிக்கும் இடத்தில். ஆகவே ஆரல்வாய்மொழியில் காலியாகக் கிடந்த அலைவரிசை கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை பக்கம் காலியாக இருக்கும் என்று நம்ப முடியாது. பாட்டுக்கு நடுவே மலையாள விளம்பரம் நுழையும், இல்லாவிட்டால் கரகரவென்று இரைச்சல் ஏறும். ஓட்டிக்கொண்டே அலைவரிசை மாற்றுவது ஆபத்து. மார்த்தாண்டம் நெரிசலில் அதை நினைக்கவே வேண்டாம்.

இதைத்தான் வாங்குவது என்றால் வழக்கமாகப் போகும் பாதையின் இரண்டு முனையிலும் வண்டியை நிறுத்தி, இரண்டு இடத்திலும் வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பட்டையின் கீழ் விளிம்பில், 88-ஐ ஒட்டித் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம். எண் சரியாக அமைந்தாலும் எஃப்.எம்.முக்கே ஓர் எல்லை இருக்கிறது: ஏறத்தாழ 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி வராது. நாதஸ்வரமும் பேச்சும் தப்பித்துவிடும். ஜால்ராவின் கூர்மை மழுங்கிப் போகும். கழற்றவே கூடாத ஆபீஸ் வண்டி, இரவல் வண்டி என்றால் இது சரி. சொந்த வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

இதன் அண்ணன் ஒருவர் இருக்கிறார், கடைகளில் அவ்வளவாகக் கண்ணில் படமாட்டார்: ஒயர் வழி மாடுலேட்டர். செட்டின் பின்னால் வரும் ஏரியல் ஒயரைக் கழற்றி நடுவில் இந்தச் சிறு பெட்டியைப் போட வேண்டும். இயக்கினால் வெளி ஏரியலைத் துண்டித்துவிட்டு, பாட்டை நேராக ஒயரிலேயே ட்யூனருக்குக் கொடுக்கும். அணைத்தால் ரேடியோ பழையபடி பாடும். களியக்காவிளைப் பிரச்சினை இதில் கிட்டத்தட்ட ஒழிந்துவிடும், 15 கிலோஹெர்ட்ஸ் எல்லை மட்டும் அப்படியே இருக்கும். கேசட் இல்லாத, உள்ளே கைவைக்க இடம் தராத சிடி செட்டுக்கு இது கௌரவமான வழி.

கேசட் உள்ள வண்டி என்றால் கேசட் அடாப்டரைத்தான் முதலில் முயல வேண்டும். கேசட் வடிவில் ஒரு பெட்டி, அதிலிருந்து நீளும் ஒயரின் முனையில் 3.5 மி.மீ. பின். உள்ளே டேப் கிடையாது. ஒரு சின்ன காந்த ஹெட் செட்டின் ஹெட்டுக்கு எதிரே உட்கார்ந்து, போன் ஒலியைக் காந்தப் புலமாக மாற்றிக் கொடுக்கும். காற்றில் எதுவும் போகாததால் வெளி நிலையம் குறுக்கிடாது. டிரான்ஸ்மிட்டரையும் இதையும் ஒரே வண்டியில், ஒரே பாட்டில் மாற்றி மாற்றிக் கேட்டால் அடாப்டரில் பேஸ் கனமாக இருப்பதும் பின்னணி அமைதியாக இருப்பதும் புரியும்.

சத்தம் ஒரு பக்கம் குறைந்தாலோ மந்தமாக இருந்தாலோ அடாப்டரைத் திட்ட வேண்டாம். செட்டின் ஹெட்டில் பல வருடத்துப் பழுப்பு படிந்திருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்தாலே பாதி சரியாகும். தானே பக்கம் மாற்றும் செட்டுகளில் சில, அடாப்டரை டேப் முடிந்துவிட்டது என்று நினைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் வெளியே தள்ளிவிடும். செட் தன் சுருள் சுற்றுகிறதா என்று பார்க்கும். அடாப்டரில் அதற்கென்று உள்ள பல்சக்கரம் இறுகினாலோ, செட்டுக்குள் ரப்பர் பெல்ட் இளகிப் போயிருந்தாலோ இப்படி நடக்கும். வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள். பெல்ட் போயிருந்தால் அதைப் போடத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும், அந்த ஆட்கள் இப்போது குறைந்துவிட்டார்கள்.

சில வண்டிகளில் வாசல் ஏற்கெனவே இருக்கும், யாரும் திறந்திருக்க மாட்டார்கள். 2001-இல் இங்கே வந்த ஸ்கோடா ஆக்டேவியா போன்றவற்றின் செட்டுக்குப் பின்னால் டிக்கியில் வைக்கும், பல சிடிகளை மாற்றி மாற்றிப் போடும் சிடி சேஞ்சருக்கென்று தனி கப்ளர் (ஒயர் செருகும் இணைப்பு) உண்டு. ஐரோப்பிய வழக்கப்படி அது நீல நிறம். வால்யூமுக்குச் சற்று முன்னால் நேராக நுழையும் சுத்தமான பாதை அது. ஆனால் ஒயரை மட்டும் கொண்டுபோய்ச் செருகினால் செட் கண்டுகொள்ளாது. சேஞ்சர் இருக்கிறது என்று அதற்குப் பதில் சொல்லும் சிறு எலக்ட்ரானிக் பெட்டி வேண்டும். உங்கள் செட்டின் மாடலுக்கென்றே விற்கும் பெட்டியை வாங்கினால் வேலை சுலபம், தரத்திலும் குறை சொல்ல முடியாது.

அந்த வாசல் இல்லாத செட்டுக்கு, போன் செருகும் ஜாக் ஒன்றின் ஒயரை உள்ளேயே ஈயம் வைத்துப் பற்றவைப்பதுதான் என் மனதுக்குப் பிடித்த வழி. நல்ல கை கிடைத்தால் இதற்கு மிஞ்சியது இல்லை: வண்டியின் முகம் மாறாது, ரேடியோ போகாது, ஒலி புதுச் செட்டுக்கு ஈடாக வரும். ஆனால் எங்கே பற்றவைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். டேப் ஹெட்டின் ஒயரிலேயே போன் ஒலியைக் கொடுத்தால் காது வலிக்கும். ஹெட்டிலிருந்து வருவது மிக நுண்ணிய மின்னழுத்தம், அதற்குப் பின்னுள்ள ஆம்ப்ளிஃபையர் அதைப் பல மடங்கு பெருக்கும், கூடவே கேசட்டுக்கென்று பேஸைத் தூக்கும். போன் ஒலி அதில் போனால் உடைந்து, குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். அந்த ஆம்ப்ளிஃபையரைத் தாண்டிய இடம்தான் வேண்டும்.

வால்யூம் குமிழ் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை திரும்பி நிற்கும் பழைய செட் என்றால் பெரும்பாலும் அந்தக் குமிழின் நுழைவுக் காலே நமக்கு வேண்டிய இடம். குமிழ் முடிவில்லாமல் சுற்றும் செட்டில் ஒலி அந்தக் குமிழ் வழியாகப் போவதே இல்லை; டிடிஏ7313 போன்ற ஓர் ஐசிக்குள் எல்லாம் நடக்கிறது. அதன் டேப் நுழைவுக் காலில் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் செட் டேப் நிலையில் ஓட வேண்டும், அதற்கு ஒன்றும் பதியாத கேசட் ஒன்றை உள்ளே போட்டு வைக்க வேண்டியிருக்கும். ஐசியின் கால் விவரங்களை அதன் தயாரிப்பாளர் தாளில் பார்த்துக்கொள்ளலாம். வேலை செய்பவர் அதைப் பார்க்காமலே தொடங்கினால் செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இரண்டு சின்ன விஷயங்களை விடவே கூடாது. இடது, வலது இரண்டிலும் ஒவ்வொரு கெப்பாசிட்டர், 2.2 மைக்ரோஃபேரட் அளவில் இருந்தால் போதும். போர்டில் உள்ள டி.சி. மின்னழுத்தம் போனுக்குள் போகாமல் அது தடுக்கும்; செட்டின் நுழைவுத் தடை 10 கிலோ ஓம் இருந்தாலும் காதில் படும் அளவுக்கு பேஸ் குறையாது. இரண்டாவது, பின்னைச் செருகினால் பழைய ஒலிப் பாதையைத் தானே துண்டிக்கும் வகை ஜாக். சும்மா இணைத்துவிட்டால் ரேடியோவும் பாட்டும் கலந்து கேட்கும். ஜாக்கின் உடல் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், ஷீல்டு ஒயர் போடட்டும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் தங்க முலாம் பூசிய ஜாக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். உப்புக் காற்றில் சாதாரண ஜாக் களிம்பு ஏறி ஒரு பக்கம் மட்டும் பாடத் தொடங்கிவிடும்.

அடாப்டர், சேஞ்சர் கப்ளர், ஈயம் வைத்த ஜாக் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தொல்லை வரலாம்: ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடவே ஏறும் 'ஙொய்' சத்தம். போனுக்கு வண்டியிலேயே சார்ஜ் போட்டிருந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது, ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அதில் ஏறி வருகிறது என்று பொருள். செட்டுக்கும் போனுக்கும் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று விற்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைப் போட்டால் நின்றுவிடும். மிக மலிவானது பேஸைத் தின்றுவிடும், கேட்டுப் பார்த்து வாங்குங்கள். போனில் 3.5 மி.மீ. ஓட்டையே இல்லை என்றால் ஜாக்கில் ஒரு புளூடூத் ரிசீவரைச் செருகிவிடலாம். அப்போது சார்ஜர் எர்த்துக்கும் பாட்டுக்கும் தொடர்பே இருக்காது. ரிசீவர் தன் சொந்த பேட்டரியில் ஓடும்வரை.

சரி, செட்டையே மாற்றுவது? 180-க்கு 50 மி.மீ. அளவுள்ள, ஒற்றை டின் (DIN) என்ற பொது அளவு இடம் இருந்தால் ஒரு மணி நேர வேலை: யுஎஸ்பி, புளூடூத், ஆக்ஸ் எல்லாம் ஒரே பெட்டியில். கேசட்டும் ரேடியோவும் செத்துவிட்ட வண்டிக்கு இதுதான் நியாயம். டேஷ்போர்டோடு ஒட்டி வளைந்து வரும் செட்டுகளுக்கு, முதல் தலைமுறை ஸ்விஃப்ட் மாதிரி, தனி பிரேம் தேவைப்படும். மலிவான பிரேம் நம் ஊர் வெயிலில் நெளிந்து கடகடக்கும். வண்டியின் ஒயரை வெட்டாமல் கப்ளர் வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பீக்கரின் நெகட்டிவையும் பாடியில் சேர்த்து எர்த் செய்திருக்கும் மிகப் பழைய வண்டியில் புதுச் செட்டை அப்படியே இணைத்தால் பவர் ஐசி எரியும். ஸ்பீக்கருக்குத் தனி ஒயர் இழுத்த பிறகே இணைக்க வேண்டும்.

எந்த வழியாக இருந்தாலும், செட்டைக் கழற்றப் பேட்டரி ஒயரை எடுக்கும் முன் வண்டியின் கையேட்டில் செட்டின் ரகசிய எண் எழுதிய ரேடியோ கோட் அட்டை இருக்கிறதா பாருங்கள். ஹோண்டா, ஸ்கோடா போன்ற வண்டிகளின் பல செட்டுகள் மின்சாரம் போய் வந்ததும் அந்த எண்ணைக் கேட்கும். எண் தெரியாவிட்டால் ஈயம் எவ்வளவு அழகாக வைத்திருந்தாலும் செட் வாயைத் திறக்காது.